காம்கார்டரின் குணமும் குற்றமும்

விலை கொடுத்து வாங்கிய பொருளின் குணத்தை முதல் நாளிலும், குற்றத்தைப் பல்லாண்டுகள் கழித்தும் அறிவது உலகியல்பு. யாம் செங்கற்பட்டில் ஆசிரியத் தொழில் புரிந்த காலத்து, 2008ஆம் ஆண்டில், சிறுகச் சேர்த்த பொருள்கொண்டு உயர்தரக் காம்கார்டர் ஒன்றை வாங்கினோம். அதனைச் செய்தோர் பெயர் ஈண்டு வேண்டா. அவ்வினத்துக்குப் பொதுவாய இயல்புகளையே நண்பர்முன் வைக்கின்றோம்.

சோனி, கானன், ஜேவிசி, ஷார்ப் என்னும் நான்கு நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டில் கூடி வகுத்த எச்.டி.வி. முறையைத் தழுவியது அக்கருவி. சிறிய மினி டிவி நாடா ஒன்றில் ஒரு மணி நேரக் காட்சி அடங்கும். முன்னைய முறையில் நம் நாட்டிற் பதிந்த படத்துக்கு 576 கிடைவரிகளே உண்டு, இதற்கோ 1080.

திருக்கழுக்குன்றத்தின் வழியே பேருந்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று, மாமல்லபுரத்தில் அதனைச் சோதித்தோம். அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்கால்களை உயரத் தூக்கித் தவஞ்செய்யும் பூனையையும், அதன் பக்கத்து எலிகளையும், பத்து மடங்கு நெருக்கிக் காட்டும் அதன் கண்ணாடி கைக்கெட்டுவனபோற் கொணர்ந்தது. கைநடுக்கம் படத்திற் புலப்படவில்லை. கல்லின் பொருக்குங்கூடத் தெளிவாய்த் தெரிந்தது. இவை குணம்.

இனிக் குற்றங் கூறுவாம். அண்மையைக் காட்டவல்ல அக்கண்ணாடி அகலத்தைக் காட்ட வல்லதன்று. ஏறத்தாழ 29 மீட்டர் நீளமுள்ள அப்பாறையை ஒருங்கே அடக்க, நெடுந்தொலைவு பின்வாங்க வேண்டியிருந்தது. ஐந்து இரதங்களிடையே கருவியை விரைந்து திருப்பின், நேர்நின்ற தூண்கள் சாய்ந்து தோன்றின. படத்தை ஒருங்கே கொள்ளாது, வரி வரியாகக் கொள்ளும் உணரியின் இயல்பு அஃது. மகிடாசுரமர்த்தினி குகையின் மங்கிய ஒளியிலோ, மணல் தூவினாற்போலப் படம் புள்ளி பூத்தது. இவையெல்லாம் பொறுக்கத்தக்கனவே.

பொறுத்தற்கு அரிய குற்றம் ஒலியில் இருந்தது. தேவனேரிக் கரையில் முதியவர் ஒருவர் வலையிழுத்துக்கொண்டே அம்பாப்பாட்டுப் பாடினார். பன்னிரண்டு நிமிடம் பதிந்தோம். காற்றொலியைக் குறைக்கும் விசையை அழுத்தியிருந்தும், கடற்காற்றே முன்னின்று முழங்கிற்று. பாட்டு அதன் பின்னே தேய்ந்து கேட்டது.

ஆண்டுகள் பல சென்றபின் அம்முதியவர் காலமானார். அவருடைய பெயரர் எம்மிடம் பயின்ற மாணாக்கர். அவர் ஒருநாள் வந்து, "ஐயா, தாத்தாவின் குரல் எங்கள் வீட்டில் ஒருவரிடமும் இல்லை, தங்களிடம் உள்ளதோ?" என்று வினவினார். நாடா இருந்தது, அதனை ஓட்டும் கருவியின் பொறி நின்றுபோயிருந்தது. அத்தகைய புதுக்கருவி கடைகளிற் கிடையாது. நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று, நாடாவிற் கண்டதைக் கணினிக்கு மாற்றினோம்.

அப்போதுதான் மற்றொரு குற்றம் வெளிப்பட்டது. இம்முறை பன்னிரண்டு படங்களை ஒரு கட்டாகச் சுருக்கி எழுதுவது. ஆகலின், நாடாவின் ஒரு புள்ளி பழுதுபடினும் அரை நொடிக் காட்சி ஒருங்கே சிதறக்கூடும். அப்பன்னிரண்டு நிமிடத்தில் நான்கிடத்தே அவ்வாறு சிதறிற்று. எஞ்சியதை அவ்விளைஞர் கேட்டார். சொற்கள் விளங்கவில்லை, கயிற்றைப் பற்றிய கைகள் மட்டும் நரம்பு தெரிய விளங்கின. "கை அவர் கைதான்," என்று சொல்லி, மறுமுறையும் ஓட்டச் சொன்னார்.

ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து திரட்டி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட காந்தியடிகள் படமே நெடுங்காலம் காணக்கிடையாது போயிற்றென்றால், எம் நாடா எம்மாத்திரம்!

இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசிகள் பல அக்காம்கார்டரினும் நுண்ணிய படம் தருவன. ஆயினும் காற்றும் காலமும் மாறவில்லை. ஆதலின் கருவி வாங்குவோர் வரிகளின் தொகையை மட்டும் கேளாது, ஒலிவாங்கியைத் தனியே பொருத்த இடமுண்டோ, பதிந்ததை வேறு கருவியிலும் காணலாகுமோ எனவும் கேட்பாராக. பதிந்ததை அன்றே ஈரிடத்துப் படியெடுத்து வைப்பாராக. வீட்டில் முதியோர் உளரேல், அவர் குரலைக் காற்றில்லாத அறையில் இவ்விடுமுறையிலேயே பதிந்துகொள்வாராக.