பத்து லிட்டர் நீரில் யார் குடியிருப்பது?

நாசரேத்தில் என் எழுதுமேசையின் ஓரத்தில் பத்து லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்று உள்ளது. அதைப்பற்றி எழுதுவதில் எனக்குச் சற்று நாணமும் உண்டு. முதலில் அதில் நான் குடியேற்றியவை இரண்டு தங்கமீன்கள். ஒன்பதாம் நாள் இரண்டும் மிதந்தன.

“வாப்பா, நாம பட்டினி போட்டுட்டோமா?” என்றாள் மகள்.

பட்டினியன்று, மிகுதியே காரணம். மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அம்மோனியாவாகி நீரை நஞ்சாக்குகின்றன. அந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நானோ நீர் நிரப்பிய அன்றே மீனை விட்டேன். அதுவும் ஓரடி வரை வளரக்கூடிய இனத்தை!

அடுத்து, கடற்குதிரை கொணர்ந்து தருவதாகத் தூத்துக்குடி மாணவரொருவர் அன்புடன் முன்வந்தார். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிர்; பிடிப்பதே குற்றம். சட்டம் இல்லையெனினும், சிறு தொட்டியில் நீர் சிறிது ஆவியானாலே உப்பின் அளவு ஏறிவிடும். மறுத்துவிட்டேன்.

கடைகளில் ‘ஃபைட்டர்’ எனப்படும் சண்டைமீன் ஒன்றே பொருந்துமெனத் தெளிந்தேன். நீர்மேல் வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்குண்டு. ஆயின் இரண்டு ஆண்மீன்களை ஒருங்கே விடலாகாது. குப்பியில் அடைத்து விற்பதால் குப்பியே போதுமென்பாரும் உளர்; மூச்சு காற்றிலாயினும் கழிவு நீரில்தானே!

இம்முறை நீர்ச்செடிகளோடும் ஒரு நத்தையோடும் ஆறு வாரங்கள் காத்திருந்தோம். பின்னரே நீலநிறச் சண்டைமீன் ஒன்று குடிவந்தது. வாரந்தோறும் நீரில் ஒரு பங்கை மகளே மாற்றுகிறாள். இரை டப்பாவை மட்டும் என் கையில் தருவதில்லை.