இரண்டு நாணயங்கள்

தெர்மாகோல் அட்டையில் விமானம் செய்வது விளையாட்டுதானே என்று எண்ணித்தான் தொடங்கினேன். 5 மில்லிமீட்டர் அட்டை, மூங்கில் குச்சி, சூட்டுப்பசை, கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார்; இவற்றில் இரண்டு மாத மாலைப்பொழுதுகள் கரைந்தன. எடை கூடிவிடுமென்று வழிந்த பசையைக்கூடச் சுரண்டி எடுத்தேன்.

இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர். முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழக் கால் பங்கில், அதாவது 5 சென்டிமீட்டரில், இரு விரல்களால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். எங்களுடையதோ வால்பக்கம் சாய்ந்தது.

"மூக்கில் கொஞ்சம் எடை வைக்கலாம், அப்பா" என்றான் பதினான்கு வயது மகன்.

கிராம் கிராமாகக் குறைத்தவன் நான்; மீண்டும் ஏற்றுவேனா? பேட்டரியை விரற்கடை அளவு முன்னே தள்ளிவிட்டு, "போதும்" என்றேன்.

வறண்ட ஏரியில், காற்று எழாத காலை நேரத்தில் வீசினேன். மூக்கை நிமிர்த்திச் செங்குத்தாக ஏறிய விமானம், வேகமிழந்து தலைகுப்புற விழுந்தது. மகன் ஒன்றும் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கினான். "நான் அப்போதே சொன்னேனே" என்று அவன் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

உடைந்ததை ஒட்டியபின், இரண்டு நாணயங்களை நானே எடுத்துவந்து மூக்கினுள் வைத்து ஒட்டினேன். விரல்களின்மேல் விமானம் அசையாமல் நின்றது.

மறுவாரம் இயக்குகருவியை அவனிடமே கொடுத்தேன். விமானம் ஏரியை மூன்று முறை வட்டமிட்டது. "இப்போது நீங்கள் ஓட்டுங்கள், அப்பா" என்று கருவியை நீட்டினான். என் கை நடுங்கியதைக் கண்டிருப்பான் போலும். இரு பிடிகளில் ஒன்றை அவன் விடவில்லை. மற்றதை நான் பற்றிக்கொண்டேன்.