பதினொருவரும் ஒருவனும்

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோர் சிலர். அதனை நுணுகி ஆராய்வோர் அவரினும் சிலர். ஆட்டத்தைக் கண்டு களித்துவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்வோரே பலர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இன்று வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ரசிகன் ஒருவன் இம்மூன்றாம் வகையினன். தன்னைப் பெரிதும் கவர்வது உதைபந்தாட்டமா டெனிஸா என்ற வினாவிற்கு அவன் காலத்துக்கொரு விடை கூறிவந்துள்ளான். அவ்விடைகள் மாறியமைக்கான காரணம் ஆட்டங்களில் மட்டும் அடங்கியிருக்கவில்லை.

இளமையில் உதைபந்தாட்டத்திற்கு நிகராக வேறெதனையும் அவன் ஏற்றதில்லை. ஒழுங்கையில் ஆடுவதற்குப் பந்தொன்றும், கோல் கம்பங்களாக வைக்கச் சில செருப்புக்களும் போதுமாயிருந்தன. பெரிய ஆட்டங்களைக் காண அண்மையிலேயே சுகததாச விளையாட்டரங்கு இருந்தது. 1995 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்திய அணியை 1–0 என வென்றபோது அவன் சிறுவன். ஒரே கோல்! நெடுநேரம் காத்திருந்து பெறுவதாலேயே அதன் சுவை பெருகுகின்றது. பந்து வலையைத் தொட்ட கணத்தில், அருகில் நிற்பவன் தமிழனா, சிங்களவனா, முஸ்லிமா என வினவாமலே கட்டித்தழுவும் உரிமையை அவ்வாட்டம் பார்வையாளனுக்கு வழங்கிவிடுகிறது.

டெனிஸோ அக்காலத்தில் அவனுக்கு அந்நியமாகவே தோன்றிற்று. கறுவாத்தோட்டத்துக் கழகங்களில் வெள்ளுடை தரித்தோர் ஆடுவதும், பார்ப்போர் வாய்திறவாதிருப்பதுமான ஆட்டம் எனவே அதனை அவன் கருதினான். சென்னையைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்ற செய்தியைத் தந்தையார் பெருமிதத்துடன் கூறுவார். மகனின் செவியில் அது ஏறியதில்லை.

ஆண்டுகள் செல்ல, ஒழுங்கையின் அணி கலைந்தது. ஒருவன் ரொறன்ரோவிற்கும் இருவர் லண்டனுக்கும் வேறொருவன் பாரிசுக்கும் சென்றனர். யுத்த காலத்தில் ஒருநாள் வீட்டை விட்டுச் சென்ற கோல் காப்பாளனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவனுடைய தாயாரும் அறியார். பதினொருவர் வேண்டிய ஆட்டத்திற்கு மூவரைத்தானும் சேர்த்தல் அரிதாயிற்று. தந்தையாரும் மறைந்த பின்னர், வெள்ளவத்தை வீட்டில் இரவு வேளைகளில் தனித்திருந்து டெனிஸ் பார்க்கும் பழக்கம் அவனைப் பற்றிக்கொண்டது.

அப்பொழுதுதான் அவ்வாட்டத்தின் கடுமை அவனுக்குப் புலனாயிற்று. உதைபந்தாட்டத்தில் முந்திநிற்கும் அணி கடிகாரத்தைத் துணைகொள்ளலாம். பந்தைத் தன்வசம் வைத்து நேரத்தைக் கடத்தலாம். டெனிஸில் கடிகாரம் எவரையும் காப்பதில்லை. இறுதிப் புள்ளியை வென்றே தீரவேண்டும். 2019 ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில் பெடரர் 218 புள்ளிகளையும் ஜோக்கோவிச் 204 புள்ளிகளையும் பெற்றனர். இன்னும் ஒரு புள்ளி பெற்றால் வெற்றி என்ற நிலை பெடரருக்கு இருமுறை வாய்த்தது. எனினும் கிண்ணம் ஜோக்கோவிச்சையே சேர்ந்தது. தோற்றவனுக்குப் பழிசுமத்த ஒரு பின்கள வீரனில்லை. தோளில் கைபோட ஒரு தோழனுமில்லை. தனித்து வாழப் பழகிக்கொண்டிருந்தவனுக்கு அக்காட்சி ஒருவகை ஆறுதலாயிற்று.

ஆயினும் 2022 ஆம் ஆண்டு கத்தாரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டம் அவன் எண்ணத்தை மீண்டும் அசைத்தது. ஆர்ஜென்டீனாவும் பிரான்சும் 3–3 எனச் சமநிலையில் நிற்க, பெனால்டி உதைகள் வெற்றியைத் தீர்மானித்தன. ஒவ்வொருவனாக முன்வந்து, டெனிஸ் வீரனைப்போலவே தனியனாய்ப் பந்தின் முன் நின்றான். ஆனால் மைதானத்தின் நடுவே அவனுடைய தோழர்கள் தோளோடு தோள்சேர்த்து நின்று, அவன் திரும்பிவருவதற்காகக் காத்திருந்தனர். ஆர்ஜென்டீனா 4–2 என வென்றது. மறுகணம் வெள்ளவத்தை வீட்டில் தொலைபேசி ஒலித்தது. ரொறன்ரோவிலிருந்து நண்பன், சிறிது நேரத்தில் லண்டனும் பாரிசும் இணைந்துகொண்டன. ஆட்டத்தைப்பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் விடியும்வரை ஒழுங்கையைப்பற்றியே பேசினர். கோல் காப்பாளனின் பெயரை ஒருவன் சொன்னபோது சற்றுநேரம் எவரும் பேசவில்லை.

எது சிறந்த ஆட்டம் என இன்று வினவினால், டெனிஸ் என்றே அந்த ரசிகன் விடையிறுப்பான். ஆனால் டெனிஸ் பார்த்து முடிந்ததும் அவன் விளக்கை அணைத்து உறங்கச் செல்கிறான். உதைபந்தாட்டத்தில் கோல் ஒன்று விழும்போதோ, அவன் கை தானாகவே தொலைபேசியை நாடுகின்றது.