தேரில் வரும் திருவாதவூரர்

சிவாலயத் திருவிழா என்றால், உற்சவர் எனப்படும், வீதியுலாவுக்கென்றே அமைந்த திருமேனியாகச் சிவபெருமானே தேரேறி வருவது தமிழகத்தின் பொது வழக்கு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே, திருப்பெருந்துறை என்னும் பழம்பெயர் கொண்ட ஆவுடையார்கோயிலிலோ, ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் ஒட்டி நிகழும் பெருவிழாக்களில் இறைவனுக்குரிய அந்த இடத்தில் எழுந்தருள்பவர் மாணிக்கவாசகர். இடப வாகனத்தில் உலா வருபவரும் அவரே.

இதற்கான காரணத்தைக் கருவறையே உணர்த்துகிறது. தெற்கு நோக்கிய இக்கோயிலில் இறைவன் ஆத்மநாதர் அருவமாக வழிபடப்படுவதால், லிங்கத்தின் மேற்பகுதியாகிய பாணம் இல்லாமல் ஆவுடையார் எனப்படும் பீடம் மட்டுமே அங்கு உள்ளது. அம்மன் யோகாம்பாளுக்கும் உருவமின்றித் திருவடிகளே வழிபாட்டுக்குரியனவாக இருக்க, கொடிமரமும் பலிபீடமும் நந்தியும்கூட இடம்பெறவில்லை. நிவேதனமும் இதே கருத்தைப் பின்பற்றுவதுதான் வியப்புக்குரியது: பிற கோயில்களில் பச்சரிசி அன்னம் படைக்கப்பட, இங்கே புழுங்கலரிசிச் சோறு கீரையோடும் பாகற்காயோடும் படைகல் என்னும் கல்மேடையில் சுடச்சுடக் குவிக்கப்பட்டு, அதிலிருந்து எழும் ஆவியே இறைவனுக்கு அமுதாகிறது. உருவற்ற இறைவன் வீதிக்கு வர வேண்டுமெனில், அவனை உணர்ந்த அடியார் வழியாகவே வர முடியும் என்ற துணிவு இம்மரபின் அடியில் இருப்பதாகக் கொள்வது பொருந்தும்.

பெரும்பாலோர் 9ஆம் நூற்றாண்டினராகக் கருதும் மாணிக்கவாசகர், மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு அமைச்சரானவர். குதிரை வாங்கக் கொண்டுவந்த அரசுப் பொருளை, குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த இறைவனைக் கண்டபின் திருப்பணியில் அவர் செலவிட்டதையும், நரிகள் பரிகளாகி மதுரை சென்றதையும் புராணம் விரித்துரைக்கிறது. அதற்காக அரசனிடம் தண்டனை பெற்ற ஓர் அமைச்சர், அப்பொருளைச் செலவிட்ட திருப்பெருந்துறையின் வீதியிலேயே அரசர்க்கும் கிட்டாத சிறப்போடு ஆண்டுதோறும் வலம் வருவது சமய வரலாற்றில் அரிய காட்சி.

ஐரோப்பாவிலும் ஊர்க்காவல் புனிதருக்கு விழா எடுப்பது இடைக்காலத்திலிருந்து தொடரும் வழக்கமே. இத்தாலியின் குப்பியோ நகரத்தார் 1160இல் மறைந்த ஆயர் உபால்தோவின் திருவுருவம் பொருந்திய உயர்ந்த மர அமைப்பைத் தோளில் சுமந்து மே 15 அன்று மலையேறி ஓடுகின்றனர். ஆனால் அங்கே புனிதர் இறைவனிடம் பரிந்துரைப்பவராகவே நிற்கிறார். திருப்பெருந்துறையில் அடியாருக்கும் ஆண்டவனுக்கும் இடையே அந்த இடைவெளியும் மறைந்துவிடுகிறது.

மாணிக்கவாசகர் பாடிய, 51 பகுதிகளைக் கொண்ட திருவாசகத்தில் பல பகுதிகள் இத்தலத்தில் பாடப்பட்டவை என்பது மரபு. மார்கழியில் ஓதப்படும் அவருடைய திருவெம்பாவை கடல் கடந்து சயாம் நாட்டு அரசவை அந்தணர்களின் சடங்கிலும் இடம்பெற்றது. பாங்காக்கில் அச்சடங்கோடு நடந்த பேரூஞ்சல் விழா 1935இல் நின்றபின்னும் திரியெம்பாவாய் என்ற பெயர் அங்கே நிலைத்திருக்கிறது.

மரவேலையெனத் தோன்றும்படி கல்லில் செதுக்கிய கொடுங்கைகளை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்புகளைக் காணவே இன்று பலர் ஆவுடையார்கோயிலுக்கு வருகின்றனர். அச்சிற்பங்களுக்கு நிகரான கவனம் விழா மரபுக்கும் கிடைக்க வேண்டும். உலா முறையையும் படைகல் வழிபாட்டையும் வழிவழியாகக் காத்துவருபவர்களிடமிருந்து அவற்றை முழுமையாகக் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பைத் தமிழறிஞர்களும் மாவட்டத்துக் கல்லூரிகளும் இப்போதே மேற்கொள்ள வேண்டும்.