யாசீன் கிதாபின் கடைசிப் பக்கம்

எங்கள் வாப்பா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தவர்கள். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி மக்களாகிய எங்கள் மூவருக்கும் ஒன்றும் தெரியாது. சிறு வயதில் ஆவலோடு கேட்போம். "லாரி ஓட்டினேன், அல்லாஹ் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தான்" என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹை எடுத்துக்கொள்வார்கள். 1999இல் அவர்கள் வஃபாத்தானார்கள். சில ஆண்டுகள் கழித்து உம்மாவும் மறைந்த பின்புதான், உம்மாவின் கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தோம்.

பெட்டியில் பச்சைத் துணியில் சுற்றிய மூன்று பதக்கங்கள், பட்டாளத்திலிருந்து விடுவித்த சான்றிதழ், காக்கி உடுப்பில் வாப்பா நிற்கும் ஒரு புகைப்படம், அட்டை கழன்ற யாசீன் கிதாபு ஒன்று ஆகியவை இருந்தன. பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டலாம் என்றும், கிழிந்த கிதாபைப் பள்ளிவாசலில் கொடுத்துவிடலாம் என்றும் பேசிக்கொண்டோம்.

முதலில் பதக்கங்களை விசாரித்தோம். இரண்டு, ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்று, பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட 'பர்மா ஸ்டார்'. வட்டமான மூன்றாவது, 1939 முதல் 1945 வரையிலான போருக்கான பொதுப் பதக்கம். வாப்பா 1942இல் சேர்ந்து, ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் ஓட்டுநராக இருந்து, 1946இல் விடுவிக்கப்பட்டதாகச் சான்றிதழ் சொன்னது. படைகளுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் பிரிவு அது. போர் முடிந்தபோது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவராக எங்கள் வாப்பா எந்தச் சாலையில் ஓட்டினார்கள், எதைக் கண்டார்கள் என்பதற்கு அந்தக் காகிதத்தில் விடை இல்லை.

விடை கிதாபின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பள்ளிவாசலில் கொடுக்கும் முன் ராத்தா அதைப் புரட்டியபோது, பின்பக்க வெற்றுத்தாளில் பென்சில் எழுத்துகள் தென்பட்டன. எழுத்து அரபு; ஆனால் ஓதிப் பார்த்தால் அரபியாக இல்லை. அது அரபுத்தமிழ். உம்மாவின் தலைமுறை கடிதம் எழுதியதும் மாலைகள் ஓதியதும் அந்த எழுத்தில்தான். பள்ளிக்கூடம் சென்று படித்த எங்களுக்கு எங்கள் வாப்பாவின் கையெழுத்தை வாசிக்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தோடுதான் முதிய ஆலிம்சா ஒருவரிடம் கிதாபை எடுத்துச் சென்றோம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது உங்கள் வாப்பாவின் கழாக் கணக்கு" என்றார்.

தலைப்பில் 'ரமலான் 1363' என்றிருந்தது. அதன்கீழ் இருபத்திரண்டு கோடுகள். பதினான்கின் பக்கத்தில் 'பயணம்' என்றும், எட்டின் பக்கத்தில் 'காய்ச்சல்' என்றும் எழுதியிருந்தது. அடுத்து 'ரமலான் 1364', ஒன்பது கோடுகள். பயணத்திலும் நோயிலும் நோன்பை விட்டவர், விட்ட நாட்களைப் பின்னர் நோற்றுக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்ட வாப்பா, கடனை மறந்துவிடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

முதல் கணக்கின் ஓரத்தில் இருந்த ஒரு சொல்லை ஆலிம்சா 'தித்தீம்' என்று வாசித்தார். அது என்னவென்று அவருக்கும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தோம். மணிப்பூரின் இம்பாலிலிருந்து தெற்கே மலைகளைக் கடந்து பர்மாவின் டிட்டிம் என்னும் ஊருக்கு ஒரு சாலை போகிறது. ஹிஜ்ரி 1363இன் ரமலான், 1944 ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியப் படை இம்பாலைச் சூழ்ந்தது. ஜூன் 22இல்தான் கோஹிமாவிலிருந்து வரும் சாலை மீண்டும் திறந்தது. அதன்பின் பின்வாங்கிய ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு, கொட்டும் மழையில், மண்சரிவுகளுக்கிடையே இந்தியப் படை முன்னேறிய வழி அந்த டிட்டிம் சாலை. வாப்பாவின் 'பயணம்' அதுதான்.

'காய்ச்சல்' என்ற சொல் வேறொரு பழைய கதையைத் திறந்தது. விடுப்பில் வந்த வாப்பாவின் மேனி மஞ்சளாக இருந்ததாகவும், காமாலை என்று அஞ்சிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததாகவும் உம்மா சொல்வார்கள். மலேரியாவைத் தடுக்க அந்தப் போர்முனையில் வீரர்களுக்குக் கொடுத்த மெபாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும் என்பதை இப்போதுதான் அறிந்தோம். உம்மாவின் நினைவும் வாப்பாவின் பென்சிலும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றையொன்று சந்தித்தன.

இரண்டாம் கணக்கின் ஓரத்தில் 'ரங்கூன்' என்றிருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது ரமலான் மாதம் நடந்துகொண்டிருந்தது. உலகமே போர் முடிந்தது என்று ஆரவாரித்த நாட்களில், எங்கள் வாப்பா விட்ட நோன்புக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்!

மொத்தம் முப்பத்தொரு கோடுகள். இருபத்தாறின் மேல் குறுக்குக் கோடு இழுத்திருந்தது. அவை நிறைவேறிய கடன்கள். ஐந்து அப்படியே நின்றன. அவற்றை வாப்பா நோற்றுவிட்டுக் குறிக்க மறந்தார்களா, நோற்கவே இல்லையா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. கடனோடு மறைந்தவருக்காக அவருடைய உறவினர் நோன்பு நோற்கலாம். அல்லது நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை ஆலிம்சா விளக்கினார். "சந்தேகம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். தகப்பனுக்குச் செய்வது வீணாகாது" என்றார்.

எங்களில் இருவர் ஆளுக்கு இரண்டு நோன்பு நோற்றோம். மூத்தவரான காக்காவுக்குச் சர்க்கரை நோய். ஐந்தாம் நாளுக்கு அவர் ஓர் ஏழைக்கு உணவளித்தார். அன்று மஃரிபுக்குப் பின் மூவரும் கூடி அமர்ந்து, அதே கிதாபிலிருந்து யாசீன் ஓதி வாப்பாவுக்காகத் துஆச் செய்தோம். அந்த ஐந்து கோடுகளின் மேல் பென்சிலை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அது வாப்பாவின் கணக்கு.

பதக்கங்கள் இன்னும் பச்சைத் துணியில்தான் இருக்கின்றன. அவை அரசு வாப்பாவுக்கு எழுதிய கணக்கு. வாப்பா தம் இறைவனுக்கு எழுதிய கணக்கையே நாங்கள் கண்ணெதிரே வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் இருவர் இப்போது ஆலிம்சாவிடம் அரபுத்தமிழ் கற்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய கிதாபுகள் இருக்கும். கொடுத்துவிடும் முன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நம் பெற்றோரின் பிழைகளை மன்னித்து, அவர்களுடைய கப்றுகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.