ஒரு ஆறு, ஐந்து கலெக்டர்!

பாகாயத்தில் டவுன் பஸ் ஏறிக் காட்பாடிக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு நீளப் பாலத்தைத் தாண்ட வேண்டும். வெளியூர்க்காரர் யாராவது எட்டிப் பார்த்து, "என்ன சார் இது, மைதானமா?" என்பார். "ஆறு சார், பாலாறு" என்றால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். 2021 நவம்பரில் மட்டும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடிய வெள்ளத்தை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது!

இந்த ஆறு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, நம்மிடம் 222 ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் விழுகிறது. மைசூர் ராஜ்யத்துக்கும் சென்னை ராஜதானிக்கும் 1892-ல் போட்ட ஒப்பந்தத்திலேயே பாலாறு உண்டு. கீழே இருப்பவர்களைக் கேட்காமல் மேலே புது அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். கேட்டார்களா என்பது வேறு கதை! ஆந்திரா புல்லூரில் 2016-ல் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தியது. வழக்கம்போல நாமும் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினோம்.

சரி, மேலே இருப்பவன் அநியாயக்காரன். நாம்? அதை என் சம்பந்தியம்மாதான் கேட்டார். என் பெண்ணைக் கொடுத்திருப்பது வாயலூர்ப் பக்கம். போன தடவை போயிருந்தபோது கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன்.

"உங்க ஊர்ல தோலை ஊற வெச்சு அலசறீங்க. நாங்க இங்கே உப்புத் தண்ணியைக் குடிக்கிறோம், சம்பந்தி!"

"நான் எங்கேங்க தோல் பதனிட்டேன்? நான் செருப்பு வாங்கறதோட சரி."

பெண் சமையலறையில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிணற்றை நம்பித்தான் அவள் குடித்தனம் நடக்கிறது.

சம்பந்தியம்மா சொன்னதில் பாதிதான் சரி. தோல் கழிவு நாசம் செய்தது பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து நிலங்களையும் கிணறுகளையும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ் என்ற ஆய்வு 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. 'கெடுத்தவனே காசு கட்டு' என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டம்தான் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, நம்ம வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் வந்தது. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா தெரியவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் வேன் வேனாகப் போகிற பெண்களைப் பார்த்தால், தோலே வேண்டாம் என்றும் சொல்ல மனசு வராது.

முகத்துவாரத்தில் நடப்பது வேறு. பாலாற்றில் தண்ணீர் மேலே ஓடுவதைவிட மணலுக்குள் ஓடுவதுதான் அதிகம். அதனால்தான் நம் முன்னோர்கள் ஆற்றுக்குள் ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். மணல்தான் தொட்டி. அந்தத் தொட்டியையே லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய் மாடி வீடு கட்டிவிட்டோம். மேலே அணை, நடுவில் போர்வெல், கீழே வெறும் பள்ளம். ஆற்றுநீர் தள்ளாவிட்டால் கடல் உள்ளே வருமா, வராதா? 2019-ல் வாயலூரில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் தேங்குவதற்கு மேலேயிருந்து வர வேண்டுமே!

இதையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மாநிலங்கள் சேர்ந்து ஆற்றுப் படுகை முழுவதற்கும் திட்டம் போட, நதி வாரியச் சட்டம் என்று 1956-ல் பார்லிமெண்ட்டில் நிறைவேற்றினார்கள். அதன் கீழ் இன்றுவரை அமைந்த வாரியங்களின் எண்ணிக்கை: பூஜ்யம்! ஐரோப்பாவில் ரைன் நதிக்காக ஐந்து தேசங்கள் 1950-லேயே கமிஷன் வைத்துக்கொண்டன. சண்டை போட்டு முடித்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது அவர்களுக்கு! அங்கே கடைசியில் இருக்கும் நெதர்லாந்துதான் நம்ம வாயலூர்.

நாமோ வெட்டிக்கொண்டே போகிறோம். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, ராணிப்பேட்டை தனி மாவட்டம், பாகாயம் வேலூரிலேயே தங்கியது. அடுத்த நாளே காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. நிர்வாகத்துக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கழிவு விழுவது ஒரு மாவட்டம், கிணறு கெடுவது அடுத்த மாவட்டம், கடல் நுழைவது கடைசி மாவட்டம். 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் கண்டித்து, நஷ்ட ஈட்டைக் கொடு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போடு என்றது.

சம்பந்தியம்மா ஒரு மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று ஐந்து காப்பி. மக்கள் குறைதீர்க்கும் நாள் எல்லா ஊரிலும் திங்கட்கிழமைதானாம். ஐந்து திங்கட்கிழமை லீவு கேட்டால் ஆபீசில் என்ன சொல்வார்களோ!