மாடம்பாக்கத்தில் ஒரு வீணை

தாம்பரத்திலிருந்து கிழக்கே சேலையூர் கடந்து, இராஜகீழ்ப்பாக்கத்தில் தெற்கே திரும்பினால் மாடம்பாக்கம். பரந்த ஏரியும், யானை முதுகு போல் பின்புறம் வளைந்த விமானமுடைய சோழர் காலத்து ஆலயமும் இவ்வூரின் அடையாளங்கள். நாம் சென்றதோ ஒரு நண்பரின் இல்லத்திற்கு. அவருடைய மகள் முதுகுவலியால் வீணையை மூலையில் சாத்திவிட்டிருந்தாள்.

‘சற்று வாசித்துக் காட்டம்மா’ என்றோம். காரணம் உடனே விளங்கிற்று. 24 மெட்டுகளையும் கண்ணால் பார்த்தே வாசிக்க வேண்டுமென்று கூனிக் குனிந்தாள்! தஞ்சை வீணை அதனைக் கேட்பதில்லை. சம்மணமிட்டு அமர்ந்தால் பலாமரக் குடம் வலப்பக்கம் தரையில் தங்கும். இடப்பக்கச் சுரைக்குடுக்கை தொடைமீது படியும். பாரத்தைத் தரையும் தொடையும் சுமக்க, கைகள் விடுதலை பெறுகின்றன.

வடநாட்டு ருத்ர வீணையோ மரபுப்படி இடத்தோளில் சாத்தப்படுவது. உஸ்தாத் அஸத் அலீ கான் (1937–2011) மண்டியிட்டு அமர்ந்து அவ்வாறே வாசித்தார். உஸ்தாத் ஜியா முஹ்யித்தீன் டாகர் (1929–1990) சுரைக்குடங்களைப் பெரிதாக்கினார். வீணையை நம் தென்னாட்டு முறையில் இடது முழங்காலில் தாங்கினார். தோளின் சுமை இறங்கிற்று.

இதைக் கேட்ட சிறுமி, ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அதன்மேல் அமர்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. பார்வையை விரல்களிலிருந்து விலக்கினாள். சுரம் ஓரிரு இடங்களில் பிசகியது உண்மையே. ஆயினும் கால்மணி நேரம் வலியின்றி வாசித்தாள்.